பெஸ்ட் ஏசி சர்வீஸ், ஆவடி

முஸ்தகீமுக்கு மேப்பில் இருக்கும் அவனுடைய கடைப் பக்கத்தின் பாஸ்வேர்டு தெரியாது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போனில் மேப்பைத் திறந்து 'ஏசி சர்வீஸ்' என்று தேடினால் மூன்று கடைகளின் பெயர்தான் முதலில் வரும். மற்றவர்களைப் பார்க்க விரலால் தள்ள வேண்டும். மார்ச் மாத வெயிலில், ஏசி ஓடாத வீட்டில், இடுப்பில் குழந்தையோடு நிற்கிறவர் யாரும் தள்ளிப் பார்ப்பதில்லை. முதல் பெயரை அழுத்துவார். அவன் எடுக்காவிட்டால் இரண்டாவது. எங்கள் பிழைப்பு அந்த மூன்று வரிக்குள் இருக்கிறது. ஆவடியில் நின்று தேடினாலும் அம்பத்தூரில் நின்று தேடினாலும் முதல் வரி பூந்தமல்லிக்காரன் முஸ்தகீமுடையது. 'முஸ்தகீம் ஏசி'. நானூற்று முப்பத்தெட்டு ரிவ்யூ. நாலு புள்ளி ஒன்பது நட்சத்திரம்.

எனக்கு அறுபத்தொன்று. நாலு புள்ளி இரண்டு.

அந்தப் பக்கத்தை அவன் உண்டாக்கவும் இல்லை. கடைக்கு ஃபிளெக்ஸ் போர்டு அடித்துக் கொடுத்தவர், போர்டோடு சேர்த்து இலவசமாக அதையும் செய்து கொடுத்தார், தன்னுடைய மெயிலில். பிறகு அவர் மஸ்கட் போய்விட்டார். ஆறு வருடமாக யாரும் அதற்குள் போகவில்லை. ஒரு படம் மாற்றவில்லை. ஒரு ரிவ்யூவுக்கு நன்றி சொல்லவில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

நான் இதையெல்லாம் தெரிந்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் நைட் ஷிஃப்டில் இருந்தேன். அமெரிக்காவில் உள்ள கடைகள் மேப்பில் சொன்ன இடத்தில் உண்மையாகவே இருக்கின்றனவா என்று சரிபார்க்கும் வேலை. எந்தக் கடை ஏன் மேலே ஏறுகிறது, எது ஏன் காணாமல் போகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நாலாவது வருடம் ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவன் சீட்டுக்குத் திரும்பவில்லை. தூக்கம் இன்றுவரை சரியாகவில்லை. பழைய டிப்ளமோவைத் தூசி தட்டி ஏசி வேலைக்கு வந்தேன்.

வந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். மக்கள் தேடுகிற வார்த்தையே கடையின் பெயரில் இருந்தால் மேப்புக்குப் பிடிக்கும். அதனால் என் கடையின் பெயர் 'பெஸ்ட் ஏசி சர்வீஸ் ஆவடி'. கோவில்பதாகையில் என் வீட்டு மாடிதான் கடை. பூந்தமல்லியிலும் ஒரு கிளை காட்டினால் நல்லது என்று, குமணன்சாவடி பக்கம் இருக்கும் என் மாமியார் வீட்டு முகவரியில் 'பெஸ்ட் ஏசி சர்வீஸ் பூந்தமல்லி' என்று ஒன்று போட்டேன். வாரம் மூன்று படம். வேலை முடிந்த ஒவ்வொரு ஏசியின் பக்கவாட்டிலும் க்யூஆர் ஸ்டிக்கர். ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த முறை ஃபில்டர் கழுவுவது இலவசம். வாசலில் நின்று, அவர்கள் போனில் அழுத்தும்வரை நகர மாட்டேன்.

அதனால் கிடைத்தவை: 'குட்'. 'நைஸ்'. 'ஓகே சர்வீஸ்'. ஒரு கட்டைவிரல் படம். அறுபத்தொன்றில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. யாராவது ஒருத்தர் 'ஜெகதீஷ் வந்தார்' என்று எழுத மாட்டாரா என்று ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் பார்ப்பேன். அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சொன்னதில்லை.

முஸ்தகீமுக்கு வருபவை கட்டுரைகள். 'முத்தாபுதுப்பேட்டை ஸ்கூல் பின்தெரு, மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முஸ்தகீம் முகம் சுளிக்காமல் ஏறினார்.' 'பருத்திப்பட்டு ஏரிக்கரை தெரு. முஸ்தகீம் பாய் மூன்று நாள் கழித்து அவரே போன் செய்து தண்ணீர் சொட்டுகிறதா என்று கேட்டார்.' எல்லாவற்றிலும் அவன் பெயர், எல்லாவற்றிலும் ஒரு தெரு. ஒரு தெருவில் நின்று ஒருத்தர் தேடும்போது, அதே தெருவின் பெயர் ரிவ்யூவில் இருக்கிற கடையை மேப் முன்னே தள்ளும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருட இரவுகள் ஆயின. இவனுக்கு எப்படித் தெரியும்?

இருவரும் தொழில் பழகியது ஒரே இடத்தில்தான், அம்பத்தூரில் ஒரு டீலரின் சர்வீஸ் சென்டரில். இப்போதும் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் உதிரிபாகக் கடையில் அடிக்கடி பார்த்துக்கொள்வோம். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"தெரு பேர் எழுதச் சொல்றியே, யார் சொல்லிக் குடுத்தது?"

"அத்த ஏன் கேக்குற மாமே," என்றான். "எனக்கு நோட்டு கீட்டு எழுதுற பழக்கம் இல்ல. அடுத்த வருசம் போன் பண்ணி 'நான்தான் பேசறேன்'னுவாங்கோ. எந்த நான்? அத்தொட்டு தெரு பேர் போட்டு நாலு வரி எழுதிக் குடுங்கனு கேட்டுக்குவேன். என் ஊட்டுக்காரி ரூஹி போன்ல அத்த பாத்து சொல்லும், இன்னா ஊடு, இன்னா மிசினுன்னு."

அவனுக்கு அது விளம்பரம்கூட இல்லை. முகவரி நோட்டு. தெரியாமல் செய்து முதல் இடத்தில் இருக்கிறான். தெரிந்து செய்த நான் நாலாவது, மூன்று வரிக்கு வெளியே.

இதோடு போயிருந்தால் வயிற்றெரிச்சலோடு நின்றிருக்கும். பிப்ரவரி கடைசியில் அவன் பக்கத்தில் புதிதாக ஒரு ரிவ்யூ வந்தது. எழுதியவர் பெயர் பத்மா. படத்தில் துளசி மாடத்துக்கு முன்னால் நிற்பவர் என் மாமியார். குரலில் சொல்லி எழுதியிருந்தார் போல, நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

'குமணன்சாவடி பக்கத்துல எங்க வீடு ஏசில தண்ணி கொட்டி கட்டில் எல்லாம் நனைஞ்சுபோச்சு என் மருமவனும் இதே வேலைதான் செய்றாரு மூணு நாளா வரேன் வரேன்னாரு வரல முஸ்தகீம் தம்பிக்கு போன் போட்டேன் அரை மணி நேரத்துல வந்துச்சு செருப்ப வெளில உட்டுட்டு வந்து தரையத் துடைச்சும் குடுத்துட்டுப் போச்சு நல்லா இருக்கணும்'

மேப்பில் அந்த வீட்டின் மேல் இருப்பது என் கடையின் பூந்தமல்லி கிளை. கிளை அலுவலகத்திலேயே எதிராளிக்கு ஐந்து நட்சத்திரம்.

என் மனைவி கோமளாவிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"உங்கம்மாவ எடுக்கச் சொல்லு."

"எதுக்கு? பொய்யா எழுதிக்கீறாங்க? மூணு நாளா கூப்புட்டாங்கல்ல?"

"நாலு பேர் பாக்குற எடம் கோமளா."

"பாக்கட்டுமே. உன் பேரையா போட்டாங்க? மருமவன்னுதான போட்டிருக்காங்க."

அதிலும் என் பெயர் இல்லை. அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள்.

மறுநாள் மாமியார் வீட்டுக்குப் போனேன். ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கும் டிரெய்ன் பைப்பைப் புதிதாக வளைத்து, கிளிப் போட்டு, சுவரில் ஒரு கறைகூட இல்லாமல் செய்திருந்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மோர் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும் வழியில் முஸ்தகீமின் பழைய கடை. மெட்ரோ வேலைக்காக முன்னால் நீலத் தகடு அடித்து வழியை மறைத்துவிட்டதால், ஆறு மாதம் முன்பே அதைக் காலி செய்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். ஆனால் மேப்பில் முகவரி அந்தக் கடைதான். மாற்ற பாஸ்வேர்டு வேண்டுமே. ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பூட்டில் தூசி. பாதி கிழிந்த போர்டில் அவன் பெயர்.

வண்டியை ஓரம் கட்டி ஒரு படம் எடுத்தேன்.

நைட் ஷிஃப்டில் எனக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், சாம். அமெரிக்காக்காரனுக்கு ஜெகதீஷ் வாயில் நுழையாதாம். அந்தப் பெயரில் எனக்கு மேப்பில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் திருத்தம் செய்த கணக்கு என்பதால் அது சொன்னால் மேப் கேட்கும். என் கடைக்கு முதல் ஐந்து நட்சத்திரம் போட்டவனும் சாம்தான். அந்தக் கணக்கிலிருந்து ஷட்டர் படத்தை ஏற்றி, 'இந்த இடம் நிரந்தரமாக மூடப்பட்டது' என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். படத்தில் பொய் இல்லை, கடை மூடித்தான் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நம்பவில்லை. ஆனாலும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் 'உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது' என்று வந்தது. முஸ்தகீம் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்து. அன்று மாலைக்குள் முதல் பக்கத்தில் அவன் இல்லை. நான் மூன்றாவது வரிக்கு வந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து ராகவன் என்று ஒருவர் அழைத்தார். கோவில்பதாகையிலேயே, ஏரிப்பக்கம் புதிதாக வந்த குடியிருப்பின் செயலாளர். கரூர்க்காரர், ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறார். மூன்று பிளாக், தொண்ணூற்றாறு வீடு, நூற்றைம்பது ஏசி. வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்துக் கழுவ வேண்டும்.

"பூந்தமல்லிக்காரர் ஒருத்தரத்தான் மொதல்ல நெனச்சோம்ங்க," என்றார். "மேப்ல பாத்தா மூடிட்டாருன்னு வருது. பாவம், என்னாச்சோ. நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

"முடிச்சுக் குடுத்துடலாம் சார்," என்றேன்.

தனி ஆளாக நூற்றைம்பது ஏசி முடியாது. யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே முஸ்தகீம் போன் செய்தான்.

"மாமே, எப்டி கீற? ஒரு டவுட்டு. ஒரு வாரமா போனே வரமாட்டேங்குது. ரூஹி போன்லேர்ந்து அடிச்சுப் பாத்தேன், அடிக்குது. பழைய கஸ்டமர் ஒருத்தர் கேக்குறாரு, கடைய மூட்டியாபான்னு. நான் எங்க மூடுனேன்? ஊட்லதான குந்திகினு கீறேன்."

"மேப்ல ஏதாவது ஆயிருக்கும்."

"நீ அந்தக் கம்பெனில இருந்தவன்தான, கொஞ்சம் பாரேன். எனக்கு அதுல ஒண்ணும் புரியாது."

"பாக்கறேன். ஆனா லேசுல ஆவாதுடா. மூணு மாசம்கூட ஆகும்," என்றேன். உண்மையில் ஒரு வாரம் போதும்.

"நோன்பு மாசம்," என்றான். "பெருநாள் வருது. சீசன்ல பாத்து இப்டி."

"எங்கிட்ட ஒரு வேலை இருக்கு. வர்றியா?"

"இன்னா மாமே, கேக்கணுமா?"

போனை வைத்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை. முஸ்தகீம் என் கீழ் வேலை செய்யப்போகிறான். என் ஸ்டிக்கரை அவன் கையால் ஒட்டப்போகிறான்.

ஏ பிளாக்கில் தொடங்கினோம். நான் வெளியே அவுட்டோர் யூனிட், அவன் உள்ளே. காலை எட்டுக்கு வருவான். வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஏணியில் நிற்பான். கட்டில் மேலும் டிவி மேலும் துணி விரிப்பான். ஏசிக்குக் கீழே பிளாஸ்டிக் பையைக் கட்டி, பம்பால் அடித்து, பையில் இறங்கும் கறுப்புத் தண்ணீரை வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவான். "பாத்துக்கோங்கக்கா, இத்தான் இவ்ளோ நாளா மூச்சு உட்டுகினு இருந்தீங்க." அவர்கள் முகம் சுளித்துச் சிரிப்பார்கள். அவன் தரையைத் துடைத்துவிட்டுத்தான் ஏணியை மடக்குவான். ரிவ்யூ பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டான். மூன்றாம் நாள், அடுத்த மாடிக்குப் போகிற வழியில், அதே கதவைத் தட்டி, "தண்ணி சொட்டுதா?" என்று கேட்பான். அவர்களாகவே, "எங்கயாவது எழுதணுமா தம்பி?" என்பார்கள்.

"எழுதுங்கோ. இந்த ஸ்டிக்கர்ல போங்கோ. ஜெகா மாமே கடைதான். பிளாக்கு, வீட்டு நம்பர் போட்டுடுங்கோ."

என் கடைக்குத்தான் அனுப்பினான். நேர்மையாக.

முதல் வாரம் முடிவதற்குள் இருபத்தாறு ரிவ்யூ வந்தது. எல்லாம் ஐந்து நட்சத்திரம். சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு கோமளா சத்தமாகப் படித்தாள்.

"'ஏ பிளாக், 204. முஸ்தகீம் நோன்பு வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் மூன்று ஏசி செய்தார். தண்ணீர் கொடுக்க முடியாமல் எங்களுக்குத்தான் சங்கடம்.' 'ஏ பிளாக், 301. முஸ்தகீம் மாதிரி ஆளை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வாழ்த்துகள்.' யாரு, எங்கம்மா ஊட்டுக்கு வந்தாரே, அவரா?"

"ம்."

"'ஏ பிளாக், 305. முஸ்தகீம் அருமை. கூட ஒருத்தர் வந்தார், அவர் பேசவே இல்லை.'" அவள் தலை நிமிர்த்தினாள். "இது நீயா?"

நான் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

"ஏய், நாலு புள்ளி நாலுக்கு வந்துட்ட. இரண்டாவது வரில கீறே. மூஞ்ச ஏன் இப்டி வச்சிருக்க?"

மேப்பில் தகாத ரிவ்யூவைப் புகார் செய்து நீக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும். 305-ஐ அழுத்திப் பார்த்தேன். நீக்கினால் ஒரு ஐந்து நட்சத்திரம் போகும். எல்லாவற்றையும் நீக்கினால் பழையபடி மூன்றாவது. என் பக்கம் ஏறுவது ஒவ்வொரு படியிலும் அவன் பெயரை வைத்துத்தான். நான் மூடிய கடை இடம் மாறி என் கடைக்குள் திறந்திருந்தது.

பி பிளாக்கில் ஒரு நாள் அவனிடம் சொன்னேன். "பேர் எழுத வேணாம்னு சொல்லேன்டா. கடை பேர் மட்டும் போதும்."

"நானா எழுதச் சொல்றேன்? உள்ள போனதும் தம்பி பேர் இன்னானு கேக்குறாங்கோ. சொல்லாம இருக்க சொல்றியா?" பம்பை முறுக்கியபடி சிரித்தான். "நீயும் சொல்லு மாமே. உன்னைய யார் புடிச்சு வச்சது?"

என்னை யாரும் கேட்டதில்லை. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சனிக்கிழமை ராகவன் கூப்பிட்டார். "ஜெகதீஷ், சி பிளாக்குக்கு முஸ்தகீமையே உள்ள அனுப்பீருங்க, என்ன? வீட்டம்மாக்க எல்லாம் கேக்கறாங்க. அடுத்த வருசமும் அவரு உங்ககிட்டதான இருப்பாரு?"

ஐம்பத்தேழு ரிவ்யூ ஆகியிருந்தது இந்த வேலையில் மட்டும். நான் முதல் வரியில் இருந்தேன். ஆவடியில் யார் தேடினாலும் முதலில் என் கடை. அழுத்தி உள்ளே போனால் முஸ்தகீம், முஸ்தகீம், முஸ்தகீம். புதிதாக அழைப்பவர்கள் எடுத்ததுமே, "முஸ்தகீம் இருக்காருங்களா?" என்றார்கள். இரண்டு முறை, "இல்லை" என்று வைத்துவிட்டேன்.

அவன் தன் பக்கத்தில் முதலாவதாக இருந்தபோது குறைந்தபட்சம் அது அவன் பக்கம். திரையை மூடிவிட்டால் தெரியாது. இப்போது என் வீட்டு மாடியில், என் போனில், என் கடைப் பெயருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறான். இவனை இங்கிருந்து வெளியேற்ற ஒரே வழிதான் உண்டு. இவன் கடையைத் திறந்துவிட வேண்டும். மனசாட்சி என்று யாராவது இதற்குப் பெயர் வைத்தால் அவர்கள் தவறு. எனக்கு அவன் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிறு மாலை பூந்தமல்லியில் அவன் வீட்டுக்குப் போனேன். பள்ளிவாசல் சந்து, மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை முழுக்க பைப்பும் பழைய கம்ப்ரசரும். வாசலில் அவனை வண்டியோடும் பம்போடும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். கடை இடம் மாறியிருக்கிறது, மூடவில்லை என்பதற்கு அத்தாட்சி.

"மூணு மாசம் ஆவும்னியே?" என்றான்.

"தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். சீக்கிரம் ஆயிடும்."

"நீ கெட்டிக்காரன் மாமே. குந்து, நோம்புக் கஞ்சி வாங்கியாந்துடறேன். இன்னிக்கு கைமா போட்டது. நீயும் ஊத்திகினு போவணும்." தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான்.

அவன் மனைவி ரூஹி எனக்கு மட்டும் டீ கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகாமல் நிலைப்படியருகே நின்றாள். கையில் போன்.

"அண்ணா, எங்க பக்கத்துல ஒரு போட்டோ புதுசா கீது. கடை ஷட்டர். அது மூடிட்டாங்கன்னு வந்த அன்னிக்கே வந்திருக்கு. போட்டவர் பேர் சாம்."

டீ சூடாக இருந்தது. குடித்தேன்.

"அந்த சாம் யாருன்னு பேரை அமுக்கிப் பாத்தேன். அவர் வேற எங்க எழுதிக்கீறாரோ எல்லாம் வருது. அமெரிக்கால நெறைய. இங்க ஒண்ணே ஒண்ணு. உங்க கடைக்கு அஞ்சு ஸ்டார்."

"கஸ்டமரா இருக்கும்," என்றேன்.

"இருக்கும்." கொஞ்சமும் குரல் உயரவில்லை. "தெரிஞ்சவர்தான?"

"தெரியும்."

"அவர்கிட்ட சொல்லிடுங்க. திறந்துடச் சொல்லி. இவருகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொன்னா நம்பவும் மாட்டாரு. ஜெகா மாமே அப்டியில்லன்னு எங்கிட்ட சண்டைக்கு வருவாரு."

அதற்காகத்தான் வந்தேன், நீ கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்கு என்னிடம் இருந்த பதில், மூடியதைவிட அசிங்கமானது. அவள் பிடித்ததால் நான் பயந்து திறந்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் எதிரிலேயே சாமின் கணக்கைத் திறந்து, படத்தை ஏற்றி, முகவரியை மாற்றி, 'திறந்திருக்கிறது' என்று அனுப்பினேன். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முஸ்தகீமின் சொந்த மெயிலுக்குப் பக்கத்தின் உரிமை கேட்டும் விண்ணப்பித்தேன். மஸ்கட்காரர் மூன்று நாளில் பதில் சொல்லாவிட்டால் அவனுக்கே வந்துவிடும்.

கஞ்சிக்கு நிற்கவில்லை. சந்து முனையில் தூக்குவாளியோடு எதிரே வந்தவன், "இன்னாடா, குந்து குந்துன்னா பூட்டியே!" என்று கத்தினான். கையை ஆட்டிவிட்டு வண்டியை முறுக்கினேன்.

புதன்கிழமை அவன் பக்கத்தில் சிவப்பு எழுத்து போனது. அன்றே அவனுக்கு நாலு அழைப்பு. வெள்ளிக்கிழமை அவன் முதல் வரி, நான் இரண்டாவது.

"சி பிளாக் முடிச்சுக் குடுத்துட்டுதான் என் வேலைக்குப் போவேன் மாமே," என்றான். "நடுவுல உட்டா நல்லாருக்காது."

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"முப்பது ஊடு கீது. தனியா எப்டி?"

"பாத்துக்கறேன்னு சொல்றன்ல?"

கோபம் என்று நினைத்திருப்பான். "சரி நைனா," என்று மட்டும் சொன்னான்.

சி பிளாக்கைப் பதினொரு நாளில் தனியாகச் செய்தேன். கதவு திறந்ததும் எல்லாரும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். "முஸ்தகீம் வரலியா?" துணி விரித்தேன். பை கட்டினேன். கறுப்புத் தண்ணீரைக் காட்டினேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "அழுக்கு," என்றேன். தரையைத் துடைத்தேன். அவனைவிடச் சுத்தமாகவே துடைத்தேன். மூன்றாம் நாள் கதவைத் தட்டிக் கேட்கவும் செய்தேன். ஒரு வீட்டில், "எதுக்குத் திரும்ப வந்தீங்க, ஏதாவது பிரச்சினையா?" என்று பயந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏணியை மடக்கும்போது, 'என் பேர் ஜெகதீஷ்' என்று சொல்ல நினைத்தேன். யாரும் கேட்காமல் தன் பெயரைத் தானே சொல்வது அவ்வளவு எளிதில்லை. "வரேங்க," என்று இறங்கிவிடுவேன்.

கடைசி வீடு 408. வயதான கணவன், மனைவி, ஒரே ஏசி. பன்னிரண்டு வருடம் ஆன மெஷின், கெபாசிட்டர் போயிருந்தது. அதை மாற்றி, காற்று வந்ததும் அந்த அம்மா இரண்டு கையையும் அதற்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். அவருடைய கணவர் லிஃப்ட்வரை வந்தார். இவர்கள் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டிக்கரை நேராக ஒட்டியிருந்தேன்.

மறுநாள் மதியம் வந்தது. ஐந்து நட்சத்திரம்.

'சி பிளாக், 408. பழைய ஏசி, இனி ஓடாது என்று மற்றவர்கள் சொன்னதை ஓட வைத்துவிட்டார். மிகச் சுத்தமான வேலை. அமைதியான மனிதர். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.'

மாடியில் உட்கார்ந்து நாலைந்து முறை படித்தேன். கீழே, கடை உரிமையாளர் பதில் எழுத ஒரு பெட்டி இருக்கும். இதுவரை அதில், 'தங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று ஒரே வரியைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதை அழித்துவிட்டு எழுதினேன்.

'நன்றி. வந்தவர் பெயர் ஜெகதீஷ்.'

அனுப்பிய பிறகு பார்த்தேன். மேலே கடையின் பெயர், 'பெஸ்ட் ஏசி சர்வீஸ் ஆவடி'. கீழே அந்த வரி. யாரோ ஒரு முதலாளி, தன்னிடம் வேலை செய்கிற யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. திருத்தலாமா என்று பென்சில் குறியை அழுத்தினேன். 'நான்தான்' என்று சேர்த்தேன். எடுத்தேன். அப்போது போன் அடித்தது. புது எண்.

"ஹலோ, ஏசி சர்வீஸா? முஸ்தகீம்ங்களா?"

"இல்லை," என்றேன். "அவர் நம்பர் மேப்ல மொதல்ல இருக்கு பாருங்க."